செல்டிக் நகையின் குறியீடுகளைப் படித்தறியும் முறை

செல்டிக் நகை எதை வாங்கினாலும் பெரும்பாலும் அதன் பெட்டிக்குள் பொருள் விளக்கும் சிறிய அட்டை ஒன்று இருக்கும். எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்த வெள்ளி டாலருடன் வந்த அட்டையில், மூன்று மடல் கொண்ட அந்த முடிச்சு ஐயாயிரம் ஆண்டுகளாகச் செல்டிக் மக்களிடையே முடிவற்ற காதலைக் குறித்து வருவதாக அச்சிட்டிருந்தார்கள். அயர்லாந்துக் கலையில் அத்தகைய முடிச்சு வேரூன்றியது கி.பி. 7-ஆம் நூற்றாண்டில்தான், காதல் என்ற பொருள் அதற்கும் மிகப் பிந்தியது. டாலர் அழகாகவே இருக்கிறது, இன்றும் அணிகிறேன். அட்டையை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன்.

ஆகவே, ஒரு செல்டிக் நகையின் பொருளை அறிய விரும்புவோர் "இது எதைக் குறிக்கிறது" என்று கேட்பதற்கு முன் மூன்று வயதுகளைத் தனித்தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும். அந்த வடிவம் எப்போது தோன்றியது, இன்று சொல்லப்படும் பொருள் அதன்மேல் எப்போது ஏற்றப்பட்டது, கையிலுள்ள நகை எப்போது செய்யப்பட்டது என்பவையே அவை. இம்மூன்றும் ஒத்துப்போவது அரிது. ஒத்துப்போகாததால் நகையின் மதிப்புக் குறைந்துவிடாது. பரிசளிப்பவர் எந்தப் பொருளில் தருகிறார், பெறுபவர் எந்தப் பொருளில் அணிகிறார் என்பது மட்டும் தெளிவாகும்.

"செல்டிக்" என்ற சொல்லே முதலில் விசாரிக்க வேண்டியதுதான். கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்கள் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கிலும் மேற்கிலும் வாழ்ந்த மக்களை அப்பெயரால் அழைத்தார்களே தவிர, அயர்லாந்துத் தீவினரை அவ்வாறு அழைக்கவில்லை. ஐரிஷ், வேல்ஷ், பிரெட்டன் முதலிய மொழிகளை ஒரே குடும்பமாகக் கொண்டு எட்வர்ட் லுய்ட் என்ற வேல்ஷ் அறிஞர் 1707-இல் நூல் வெளியிட்ட பிறகே அச்சொல் இத்தீவுகளின் மேல் நிலைத்தது. இதனால் இன்று கடையில் ஒரே தட்டில் கிடக்கும் நகைகள் நான்கு வேறு காலங்களைச் சேர்ந்த வடிவங்களைச் சுமக்கின்றன: கிறிஸ்துவுக்கு முந்தைய இரும்புக் காலத்தின் காறை எனும் கழுத்தணிகளும் எக்காளம் போல் விரியும் வளைவுகளும், 7 முதல் 9-ஆம் நூற்றாண்டு வரையிலான கிறிஸ்தவ அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் பின்னல்களும், ஆடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகையான புரூச்சுகளும், 17-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய இதய மோதிரங்கள், 19-ஆம் நூற்றாண்டின் செல்டிக் மறுமலர்ச்சியில் பிறந்த நகல்களும் புத்தாக்கங்களும். ஒரு நகையைக் கண்டதும் இந்நான்கில் எதன் வாரிசு அது என்று வகைப்படுத்தப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

கிளாடா மோதிரம்

பொருள் மிகத் தெளிவாக இருக்கும் நகை இதுதான் என்பதால் இதிலிருந்து தொடங்குவது எளிது. மேற்கு அயர்லாந்தின் கால்வே நகர மதிலுக்கு வெளியே, கோரிப் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த மீனவர் குப்பத்தின் பெயர் கிளாடா. கல் நிறைந்த கடற்கரை என்பது அதன் பொருள். ஓலைக்கூரை வேய்ந்த அந்தப் பழைய வீடுகள் 1930-களில் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. மோதிரம் மட்டும் உலகெங்கும் பரவியது. இரண்டு கைகள் ஒரு இதயத்தை ஏந்தியிருக்க, இதயத்தின் மேல் ஒரு மகுடம் இருக்கும். கைகள் நட்பையும், இதயம் காதலையும், மகுடம் மாறாத பற்றுறுதியையும் குறிக்கின்றன. டப்ளினில் மகுடமில்லாத வகையும் உண்டு. அயர்லாந்தின் விடுதலையை நாடிய ஃபெனியன் இயக்கத்தின் பெயரால் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

இதன் முன்னோர் அயர்லாந்தைச் சேர்ந்தவரல்லர். இரு கைகள் கோத்திருக்கும் மோதிரம் ரோமானியர் காலத்திலேயே உடன்படிக்கைக்கும் திருமணத்துக்கும் அடையாளமாக இருந்தது. இடைக்கால ஐரோப்பா முழுவதும் அது வழங்கியது. கால்வேயில் அதன்மேல் இதயமும் மகுடமும் ஏறின. இதை முதலில் செய்தவர் ரிச்சர்ட் ஜாய்ஸ் என்ற கால்வேக்காரர் என்பது மரபுக் கதை. கடற்பயணத்தில் அல்ஜீரியக் கடற்கொள்ளையரிடம் சிக்கி, வட ஆப்பிரிக்காவின் மூர் இனப் பொற்கொல்லர் ஒருவருக்கு விற்கப்பட்டு, அவரிடமே தொழில் கற்று, இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் மன்னர் 1689-இல் கேட்டுக்கொண்டதன்பேரில் விடுதலையாகி ஊர் திரும்பினார் என்று அக்கதை சொல்லும். காத்திருந்த காதலிக்காகவே மோதிரத்தைச் செய்தார் என்பது கேட்போரின் மனத்துக்கு இதமான பகுதி. ஆனால் அவருடைய முத்திரை பொறித்த, 1700-ஐ ஒட்டிய மோதிரங்கள் இன்றும் இருக்கின்றன என்பது கதையல்ல. "கிளாடா மோதிரம்" என்ற பெயர் வழக்கு 19-ஆம் நூற்றாண்டுக்குரியது.

அணியும் முறை இது. இதயத்தின் கூர்முனை எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதை மட்டும் கவனித்தால் குழப்பம் வராது. வலக்கையில் கூர்முனை விரல்நுனியை நோக்கி இருந்தால் அணிந்தவர் தனியாக இருக்கிறார். அதே கையில் கூர்முனை மணிக்கட்டை நோக்கித் திரும்பியிருந்தால் அவர் மனம் ஒருவரிடம் சென்றுவிட்டது. இடக்கையில் விரல்நுனியை நோக்கினால் நிச்சயம் ஆகியிருக்கிறது. மணிக்கட்டை நோக்கினால் திருமணம் முடிந்திருக்கிறது. மகுடம் எப்போதும் கூர்முனைக்கு எதிர்ப்புறம் இருக்கும் என்பதால், மோதிரத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டோமோ என்ற ஐயமே எழ வேண்டாம். இரு திசையும் சரியானவையே, சொல்லும் செய்திதான் வேறு. இந்த விதிகள் இவ்வளவு துல்லியமாக வகுக்கப்பட்டது அண்மைக் காலத்தில்தான். தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறும் வழக்கம் அதைவிடப் பழையது. பாட்டியின் மோதிரத்தைப் பாட்டி போட்டிருந்தபடியே போட்டுக்கொள்ளும் பெண்கள் உண்டு என்பதால், முன்பின் அறியாதவரின் விரலைப் பார்த்து அவருடைய திருமண நிலையை முடிவுசெய்வது நாகரிகமாகாது.

ஸ்காட்லாந்தில் இதற்கு ஒரு உறவினர் உண்டு. எடின்பரோ நகரின் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி, லக்கன்பூத் எனப்பட்ட பூட்டிய கடைகளின் வரிசை 1817-இல் இடிக்கப்படும் வரை இருந்தது. அக்கடைகளின் பெயரைத் தாங்கிய லக்கன்பூத் புரூச், ஒற்றை இதயமாகவோ பின்னிய இரட்டை இதயங்களாகவோ, மேலே மகுடத்துடன் இருக்கும். காதலர் தரும் பரிசான அதையே பின்னர் குழந்தையின் போர்வையில் குத்திவிடுவார்கள். கண்ணேறும் சூனியமும் அண்டாது என்பது நம்பிக்கை. ஒரே நகை காதல் பரிசாகவும் திருஷ்டிக் காப்பாகவும் இருந்திருக்கிறது.

புரூச்சும் அதை அணியும் முறையும்

இன்று அலங்காரமாகக் கருதப்படும் புரூச், ஆதி அயர்லாந்தில் மேலாடையைப் பிடித்து நிறுத்தும் கருவி. பொத்தான் இல்லாத காலத்தில் போர்வை தோளில் நிற்க அதுதான் வழி. லௌத் கவுண்டியின் (மாவட்டத்தின்) மொனாஸ்டர்பாய்ஸில் நிற்கும் மூய்ரெடாக் சிலுவையில், கிறிஸ்து கைதாகும் காட்சியைச் செதுக்கிய சிற்பி அவருடைய மேலாடையிலும் ஒரு புரூச்சை வைத்திருக்கிறார். மதிப்புக்குரியவர் என்பதைக் காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது. பொன், வெள்ளி, வெண்கலம் என உலோகமும் வேலைப்பாடும் அணிந்தவரின் தரத்தைச் சொல்லின. எனவே இவ்வகை நகையின் முதற்பொருள் மறைபொருள் எதுவுமன்று, சமூக நிலை.

இவற்றுள் புகழ்பெற்றது டாரா புரூச். 1850-இல் மீத் கவுண்டியின் பெட்டிஸ்டவுன் கடற்கரையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் அதற்கும், பண்டைய மன்னர்கள் முடிசூடிய டாரா குன்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதை வாங்கிய டப்ளின் நகை வணிகர் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ், நகல் செய்து விற்பதற்கு ஏற்ற பெயராக அதைச் சூட்டினார். 1851-இல் லண்டனின் மாபெரும் கண்காட்சியிலும் வைத்தார். வணிகப் பெயர் ஒன்று குறியீட்டுப் பொருளாக மாறுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை. நகை என்னவோ பெயரை விஞ்சியது. கி.பி. 700-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட அதன் வட்டத்தின் குறுக்களவு 9 சென்டிமீட்டரைத் தொடாது. அதற்குள் பொன்கம்பி வேலையும் அம்பர் எனும் மரப்பிசின் கல்லும் வண்ணக் கண்ணாடியும் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. சங்கிலி இணையும் இடத்தில் கண்ணாடியில் வார்த்த இரண்டு சின்னஞ்சிறு மனித முகங்கள் இருக்கின்றன. பின்புறத்திலும் சுருள் வேலை முழுமையாகச் செய்யப்பட்டிருக்கிறது. அணிந்தபின் அப்பக்கம் துணியோடு ஒட்டிக்கொள்ளும், யார் கண்ணிலும் படாது. ஆனாலும் கொல்லர் அங்கே கை ஓய்ந்துவிடவில்லை. இப்போது அது டப்ளின் கில்டேர் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் நகல்களில், வட்டத்தில் சிறு இடைவெளி விட்ட வகையை அணியத் தெரியாமல் பலர் தவிப்பதுண்டு. முதலில் துணியைச் சற்று மடித்துப் பிடித்து, ஊசியை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் வெளியே எடுக்க வேண்டும். வெளிவந்த ஊசிமுனையை வளையத்தின் இடைவெளி வழியாக மேலே கொண்டுவந்து, வளையத்தைக் கால் சுற்று திருப்பினால் ஊசி வளையத்தின் மேல் படிந்து நிற்கும். துணியின் எடையே அதை இறுக்கிப் பிடிக்கும். கொக்கி எதுவும் தேவையில்லை. தளர்வாக நெய்த கம்பளிக்கு ஏற்ற பொறி இது. பட்டுப் புடவையின் முந்தானையில் குத்தினால் ஊசி போன இடம் ஓட்டையாகவே நிற்கும் என்பதால், சால்வைக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

முடிச்சு

செல்டிக் நகை என்றதும் கண்முன் வருவது பின்னல் முடிச்சுதான். பொருள் விளக்கங்களில் மிகுதியான கற்பனை கலந்திருப்பதும் இதில்தான். பின்னல் கோலம் அயர்லாந்தில் தோன்றியதன்று. ரோமானிய மொசைக் தரைகளிலும், எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் கலையிலும், ஜெர்மானிய உலோக வேலையிலும் அது முன்பே இருந்தது. 7-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து, பிரிட்டன் மடாலயங்களில் அது தழைத்து, டரோ நூல் என்ற நற்செய்திக் கையெழுத்துப் படியிலும், 800-ஐ ஒட்டிய கெல்ஸ் நூலிலும் உச்சத்தைத் தொட்டது. இவ்விரண்டு படிகளும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ளன. அவற்றை வரைந்த துறவிகள் இந்த முடிச்சுக்கு இந்தப் பொருள் என்று எழுதிவைத்த விளக்கம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. மூன்று மடல் முடிச்சு பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மும்மையைக் குறிப்பதாகச் சொல்வது கிறிஸ்தவச் சூழலுக்குப் பொருந்துகிறது. ஆனால் அதே வடிவம் ரூன் எனும் பழைய எழுத்து பொறித்த ஸ்காண்டிநேவியக் கற்களிலும் இருக்கிறது. தொடக்கமும் முடிவும் இல்லாத கோடு என்பதால் நித்தியம் என்று கொள்வது, வடிவத்தைப் பார்த்து யாருக்கும் தோன்றக்கூடிய வாசிப்பு. அந்த அளவில் அதை ஏற்பதில் தவறில்லை.

பொருளை விட்டுவிட்டுக் கோட்டைப் படிப்பதே எனக்கு இதில் மிகப் பிடித்த வேலை. ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியை முடிச்சின் ஏதேனும் ஓரிடத்தில் வைத்து, கோடு போகும் வழியே நகர்த்திச் செல்லுங்கள். ஒரு சந்திப்பில் மேலே சென்றால் அடுத்த சந்திப்பில் கீழே செல்ல வேண்டும். இந்த மாற்றம் எங்கும் தவறக்கூடாது. நல்ல வேலைப்பாட்டில் குச்சி புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். மலிவான வார்ப்பு நகைகளில் இரண்டு முறை தொடர்ந்து மேலே செல்லும் இடத்தையோ, எங்கும் சேராமல் சுவரில் முட்டி நிற்கும் கோட்டையோ எளிதில் கண்டுபிடிக்கலாம். சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு இது புதிதன்று. 20-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் பெயின் இம்முடிச்சுகளை வரையக் கற்றுத்தந்த முறையும் புள்ளி வைத்துத் தொடங்குவதுதான். வெட்டோ முறிவோ இல்லாத செவ்வகப் பின்னலில் எத்தனை தனிக்கோடுகள் இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு. நீளவாக்குக் கட்டங்களுக்கும் அகலவாக்குக் கட்டங்களுக்கும் உள்ள மீப்பெரு பொதுவகுத்தியே அந்த எண்ணிக்கை. மூன்றுக்கு நான்கு என்றால் ஒரே கோடு. நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. "ஒரே கோட்டால் ஆன முடிவிலா முடிச்சு" என்று விற்கப்படும் மோதிரத்தில் இரண்டு மூன்று தனிக் கண்ணிகள் இருப்பதைக் குச்சி காட்டிக்கொடுத்துவிடும்.

சுருள், சிலுவை, காறை

மூன்று சுருள்கள் கூடிய டிரிஸ்கெல் வடிவத்துக்குப் பெரும்பாலும் மீத் கவுண்டியின் நியூகிரேஞ்ச் கல்லறைச் சுருளைச் சான்று காட்டுவார்கள். அக்கல்லறை கி.மு. 3200-ஐ ஒட்டியது, செல்டிக் எனத்தக்க கலைக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் முந்தியது. நிலம், நீர், வானம் என்றும் பிறப்பு, வாழ்வு, இறப்பு என்றும் சொல்லப்படும் மும்மைகள் பிற்காலத்தார் ஏற்றியவை. சுருளைச் சுருளாகவே ரசிக்கலாம்.

வட்டம் கோத்த சிலுவைக்கு உறுதியான முன்மாதிரிகள் அயர்லாந்தின் உயர்ந்த கற்சிலுவைகள். அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பாட்ரிக் சூரிய வழிபாட்டாரை ஈர்க்கச் சூரியனைச் சிலுவையோடு இணைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கல்லின் கனத்த கைகள் முறிந்துவிடாமல் தாங்கவே வட்டம் என்பது கொத்தனார் மூளைக்கு உவப்பான விளக்கம். டாலராக அணிவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீண்ட தண்டும் பின்னல் வேலையும் கொண்ட சிலுவை மதச் சின்னமாகவோ கல்லறைச் சின்னமாகவோ மட்டுமே பார்க்கப்படும். வேலைப்பாடற்ற, நான்கு கைகளும் சமமான, வட்டத்துக்குள் அடங்கிய சிலுவையை ஐரோப்பாவில் வெள்ளை இனவெறிக் குழுக்கள் தம் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. அத்தகைய பயன்பாடு ஜெர்மனியில் குற்றமாகவும் ஆகும். ஐரோப்பாவில் வாழும் ஒருவருக்குப் பரிசளிப்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் டோர்க் எனப்படும் கழுத்தணிக்குத் தமிழில் காறை என்ற சொல் பொருந்துகிறது. இரும்புக் காலத்தில் இது அதிகாரத்தையும் வீரத்தையும் தெய்வத்தன்மையையும் குறித்தது என்பதற்குச் சான்றுகள் நேரடியானவை. ரோமின் கேப்பிட்டோலைன் அருங்காட்சியகத்திலுள்ள உயிர்விடும் தறுவாயிலுள்ள காலிய (செல்டிக்) வீரனின் சிலையில், கழுத்தில் காறை தவிர வேறு எதுவும் இல்லை. டென்மார்க்கின் சதுப்பில் 1891-இல் கிடைத்த குண்டஸ்ட்ரப் கொப்பரையில், மான்கொம்புடைய தெய்வம் ஒரு கையில் காறையையும் மறுகையில் பாம்பையும் பிடித்திருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்னெட்டிஷாமில் 1950-இல் கிடைத்த பெருங்காறை, எட்டு எட்டாக முறுக்கிய 64 கம்பிகளால் ஆனது. வெள்ளி கலந்த அந்தப் பொன்னின் எடை ஒரு கிலோவுக்கும் மேல், நம் கணக்கில் 125 சவரனைத் தாண்டும். இன்று விற்கப்படும் காறை வடிவக் காப்புகளை அணியும்போது முனைகளை இழுத்து விரிக்கக் கூடாது. மணிக்கட்டின் மெலிந்த பக்கவாட்டை இடைவெளியில் நுழைத்துப் பின் திருப்பிக்கொள்ள வேண்டும். வெள்ளியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அது இறுகிப்போய் ஒருநாள் சட்டென முறியும்.

பெயர்களும் எழுத்துகளும்

கருவேலத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லையொட்டித் தாரா முடிச்சு என்று வழங்குவது, கிளைகளும் வேர்களும் பின்னிய வாழ்வு மரம், பிறந்த நாளுக்கேற்ற மர ராசி ஆகியவை நம் காலத்து வடிவமைப்புகளோ பெயர்களோ ஆகும். மூன்று கதிர்கள் கொண்ட ஆவென் சின்னத்தை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோலோ மோர்கன்வுக் என்ற வேல்ஷ் கவிஞர் கற்பனையாக உருவாக்கினார். பிடித்திருந்தால் அணியலாம், பழமைக்கென்று கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

எழுத்து பொறித்த நகைகளில் கூடுதல் கவனம் வேண்டும். பழைய ஐரிஷ் எழுத்துமுறையான ஓகம், ஒரு நேர்கோட்டின் இருபுறமும் வெட்டப்படும் கீறல்களால் ஆனது. 4 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரையிலான கற்களில் அது பெரும்பாலும் கீழிருந்து மேலாக ஏறும்; அதில் இருப்பவை பெரும்பாலும் இன்னார், இன்னாருடைய மகன் என்ற பெயர்கள்தாம். டாலரைத் தலைகீழாகக் கோத்தால் இடப்புறக் கீறல் வலப்புறமாகி வேறு எழுத்தாகிவிடும். ஐரிஷ் வாசகங்களிலும் பிழை மலிந்திருக்கிறது. ஆன்ம நண்பர் என்ற பொருளில் "மோ அனம் காரா" என்று பொறித்த மோதிரங்கள் ஏராளம். ஆனால் உயிரெழுத்துக்கு முன் "மோ" என்பது "ம்" எனச் சுருங்க வேண்டும் என்பது அம்மொழியின் அடிப்படை இலக்கணம். தவிர, அச்சொல் பழைய ஐரிஷ் திருச்சபையில் ஆன்ம வழிகாட்டியான பாவமன்னிப்புக் குருவைக் குறித்தது. காதலர் மோதிரத்தில் அதைப் பார்த்தால் அக்காலத் துறவி ஒருவர் சிரித்திருப்பார். அன்பைக் குறிக்கும் "கிரா" என்ற சொல்லின் மேல் ஃபாடா எனப்படும் நெடில் கோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின் நகையைத் திருப்பிப் பார்ப்பது கடைசி வேலை. டப்ளினில் தரம் சோதிக்கப்பட்டவற்றில் அமர்ந்த நிலையிலுள்ள ஹைபர்னியா என்ற பெண்ணுருவமும், எடின்பரோவில் சோதிக்கப்பட்டவற்றில் மூன்று கோபுரக் கோட்டையும் முத்திரையாக இருக்கும். 916 என்றால் 22 காரட் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அங்கு விற்கும் பொன் நகைகளில் 375, 585, 750 என்ற எண்களே மிகுதியாகக் காணப்படும், முறையே 9, 14, 18 காரட். வெள்ளிக்கு 925. முத்திரை சோதித்த இடத்தைத்தான் சொல்லும். செய்வித்தவரைச் சொல்வது அருகிலுள்ள பெயரெழுத்து முத்திரை. வேறு நாட்டில் வார்த்த நகையும் டப்ளின் முத்திரை பெறலாம் என்பதால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எடின்பரோவின் தேசிய அருங்காட்சியகத்தில் ஹண்டர்ஸ்டன் புரூச் என்ற ஒன்று இருக்கிறது. டாரா புரூச்சின் காலத்தது, அதற்கு இணையான வேலைப்பாடு. அது செய்யப்பட்டு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், அதன் பின்புறத்தில் யாரோ ரூன் எழுத்தில், ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியில் கீறி வைத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பெயர். "மெல்பிரிக்டா இந்தப் புரூச்சுக்கு உரியவர்" என்கிறது அந்தக் கீறல்.